இருபத்தேழாவது சீட்டு

1

இந்தக் கதையை நான் லொரெய்ன் வாண்டஹேயின் வகுப்பிலிருந்து திருடினேன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே ஊருக்கு வெளியே ஒரு உயர்நிலைப் பள்ளி. அவர் குடிமையியல், பக்கத்து அறையில் நான் வேதியியல். கதை சொல்கிறவனை நம்பாதீர்கள். எனக்கே அவன் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் வெயில் ஜன்னல் வழியாக..."

வேண்டாம். வெயிலைப் பற்றி எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான்.

இரண்டாவது தொடக்கம்: அதிக ஓட்டு வாங்கியவர் தோற்று, குறைவாக வாங்கியவர் அதிபராகலாம் என்று திங்களன்று லொரெய்ன் விளக்கினார்.

"அப்புறம் எதுக்கு மிஸ் எண்ணுறாங்க?" என்றான் கோல்ட்டன்.

"நீ கேப்பேன்னுதான்டா. உக்காரு."

செவ்வாயன்று செய்முறை. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் வகுப்பு எதை விற்பது? பொரித்த சீஸா, பிராட் சாசேஜா? பட்டியலில் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு. பட்டியல் மேசையில், வெற்று ஓட்டுச் சீட்டுக் கட்டோடு, பிரென்னா ஜெலின்ஸ்கி. நவம்பரில் நிஜ வாக்குச்சாவடியில் வேலை செய்ய விண்ணப்பித்திருக்கும் பதினேழு வயதுப் பெண். அதற்குப் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். என்னைப் பார்வையாளராகப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

3

பட்டியலில் இருபத்தாறு கையெழுத்து. பெட்டியில் இருபத்தேழு சீட்டு. சீஸ் பதினாலு, பிராட் பதிமூன்று.

"சீஸ் சீஸ்னு ரெண்டு நாளா கத்துனது யாரு? சீட்டுக் கட்டு இருந்தது யார்கிட்ட?" என்றான் கோல்ட்டன்.

"திருடணும்னா உன் மூளையத் திருடியிருப்பேன்டா. காணோம்னு உனக்கே தெரிஞ்சிருக்காது," என்றாள் பிரென்னா. யாரும் சிரிக்கவில்லை.

சீட்டு அதிகமானால் எங்கள் மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள்.* லொரெய்ன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். மடிப்பின் பின்பக்கம் பச்சை மை ஊறியிருந்தது. அந்த வகுப்பில் பச்சைப் பேனா பிரென்னாவிடம் மட்டும்தான்.

"அது என் ஓட்டு மிஸ்." அவள் குரல் உடைந்துவிட்டது. பிறகு என்னிடம் திரும்பினாள். "சார், நீங்க பெட்டி பக்கத்துலயேதான இருந்தீங்க? நான் ரெண்டு போட்டேனா? சொல்லுங்க சார்."

"நான் கவனிக்கலம்மா," என்றேன்.

பிரென்னா மேல் சந்தேகம் என்று விஷயம் பிரின்சிபால் காதுக்குப் போனது. விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

* யாருடைய சீட்டு போனது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் இதன் நியாயம். பச்சைப் பேனா இல்லாத வகுப்பில் அது சரி.

4

முடிவுகள், பரிசீலனையில்:

அ) கோல்ட்டன் ஒப்புக்கொள்கிறான். (அவன் செய்யவில்லை. ஆனால் வாயாடி, நீங்கள் நம்பிவிடுவீர்கள்.)

ஆ) லொரெய்ன் தப்பாக எண்ணிவிட்டார். (மூன்று முறை எண்ணினார்.)

இ) பிரென்னா உண்மையிலேயே

இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.

5

இந்த ஊரில் எனக்கு இருபத்திரண்டு வருடம். நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டை உண்டு, ஓட்டு கிடையாது. என் மனைவி குடியுரிமை வாங்கிவிட்டாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள் உள்ளே போவாள், நான் காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பேன்.

"நீங்களும் குடியுரிமைக்கு எழுதிப் போட்டா என்ன? சரியான சோம்பேறி," என்பாள்.

அன்று பிரென்னா தண்ணீர் குடிக்கப் போனபோது சீட்டுக் கட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆசையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு காரணமே இல்லை. ஒன்றை எடுத்து, சீஸுக்குக் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டேன். விளையாட்டுத் தேர்தல்தானே என்று நினைத்தேன். பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை.

6

இன்று வியாழன். நாளை மூன்று மணிக்குள் நான் பிரின்சிபாலிடம் உண்மையைச் சொல்லாவிட்டால் அந்த விண்ணப்பத்தால் பயனில்லை.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அதுவும் நழுவல்தான். இதைத் தமிழில் எழுதியதும் அப்படியே. அந்தப் பள்ளியில் இதைப் படிக்க ஒரு ஆள் கிடையாது.

ஆகவே சாட்சி நீங்கள் மட்டும். நாளை கழிந்ததும், மூன்று மணிக்கு எங்கே இருந்தாய் என்று என்னைக் கேளுங்கள். நான் பதில் சொன்னால், அது உண்மைதானா என்று பிரென்னாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.