ஒற்றைக்காது வீரன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்கு உலகத்திலேயே பிடித்த புத்தகம் ‘ஏழாம் கணவாய்’. அதில் பாதியைத்தான் படித்திருக்கிறாள் என்பதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அதுவும் பின்பாதி.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, பழைய பேப்பர் கடையிலிருந்து அப்பா அந்தக் குண்டுப் புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டையில் வாளோடு ஒருவன், பின்னால் பனிமலை, மலைக்கு மேலே இறக்கை விரித்த ஏதோ ஒரு ஜந்து. போதாதா? வீடு ரெண்டுபட்டது. “நான்தான் முதல்ல” என்று இவள் ஒரு பக்கம் இழுக்க, “நான்தான் பெரியவன்” என்று அண்ணன் மறுபக்கம் இழுக்க, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். புத்தகத்தை வாங்கினாள், நடுவில் விரித்தாள், முழங்காலில் வைத்து ஒரே இழுப்பு.

“இந்தா, உனக்கு ஒண்ணு. உனக்கு ஒண்ணு. இனிமே சத்தம் வந்துச்சு, ரெண்டும் அடுப்புக்குள்ள போயிடும்.”

பெரியவன் என்ற தோரணையில் அண்ணன் முன்பாதியைப் பிடுங்கிக்கொண்டான். படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம். அதுவரை கதையை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இருவரும் முடித்தார்கள். “நீ முதல்ல குடு” என்றான் அவன். “நீ முதல்ல குடு” என்றாள் இவள். பிடிவாதத்தில் ரெண்டும் ஒரே அச்சு. அதோடு சரி. கொஞ்ச வருஷத்தில் அண்ணன் லாரி ஓட்டப் போனான். அவனுடைய பாதியும் பெட்டியோடு போனது.

ஆனால் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவளுடைய வீரன் துடியன் கதைக்குள் நுழையும்போதே ஒற்றைக்காதன். காது எங்கே போனது என்று பின்பாதியில் ஒரு வரி கிடையாது. அவளே காரணம் கண்டுபிடித்தாள். ஓநாய் கடித்திருக்கும், பனியில் உறைந்து உதிர்ந்திருக்கும். அண்ணனிடம் கோபம் வந்த நாட்களில் எலி தின்றிருக்கும். துடியன் சரியான அவசரக்குடுக்கை வேறு. எந்தச் சண்டைக்கும் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பான். எவனாவது உதவி கேட்டால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவான். இவனுக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று அவளுக்குச் சிரிப்பாக வரும்.

அவன் நெருப்பு நாகத்தைக் கொன்றதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. திரும்பத் திரும்பப் படித்தது கணவாய் வாசலைத்தான். உடம்பெல்லாம் காயத்தோடு துடியன் அங்கே வந்து நிற்கிறான். கதவைத் தட்டக் கை எழவில்லை. காவலுக்கு இருக்கும் கொம்பன் என்ற ராட்சதன் அவனைப் பார்க்கிறான். ஒரு கேள்வி கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் தூக்கி, “உள்ளே வா, அடுப்பு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது” என்கிறான். முதல் பக்கத்தில் எதற்கோ ஒரு பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தவனும் இவன்தான்; பாவம், நல்ல மனசுள்ள வாட்ச்மேன் என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பக்கத்துக்கு வந்தாலே அம்மாவின் மிஷின் கடகடவென்று ஓடும் சத்தம் காதில் விழும். மேஜைக்கு அடியில் ஆளுக்கொரு பாதியோடு படுத்திருந்த சாயங்காலங்களும், அண்ணனின் முழங்கால் வந்து விலாவில் இடித்ததும் ஞாபகம் வரும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள்.

அந்த அண்ணனோடுதான் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா போன அன்று அவன் லாரியோடு எங்கோ தூரத்தில் இருந்தான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், “லாரிதானே உனக்கு அம்மா! இப்ப எதுக்கு வந்தே?” என்று கேட்டுவிட்டாள். “இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று அவன் வந்த வழியே திரும்பிப் போனான். அவன் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். அவள் கூப்பிடட்டும் என்று அவன் இருந்திருப்பான். அண்ணன் இல்லாத வாழ்க்கை அவளுக்கு உப்புச்சப்பில்லாமல் போயிற்று. போனை எடுப்பாள், எண்ணைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள்.

இன்று மத்தியானம் கடைக் கதவு திறந்தது. தலை முழுக்க நரைத்து, அண்ணன் நின்றான்.

“கண்ணு டெஸ்ட் பண்ணணும்.”

‘வாண்ணா’ என்றுதான் நெஞ்சு சொன்னது. பாழாய்ப்போன வாய் கேட்டதா? “ஏன், வேற கடையே கிடைக்கலையா?” என்றது.

“கிடைச்சுது. எல்லாப் பயலும் ஏமாத்துறான்.”

இந்த முறை போய்விட்டால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியைக் காட்டினாள். லென்ஸ் மாற்றிப் பார்க்கும் கனத்த ஃபிரேமை அவன் மூக்கில் உட்கார வைத்தாள். படிக்கும் அட்டையை நீட்டினாள்.

“அட்டை வேணாம். இதைப் படிக்க முடிஞ்சாப் போதும்.” மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தான். உள்ளே முன்பாதி, ஓரமெல்லாம் நைந்து கிடந்தது.

அவள் ஒரு லென்ஸைச் செருகினாள். “இப்போ?”

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

அடுத்த லென்ஸைப் போட்டாள். “இப்போ?”

“ம். எழுத்தாத் தெரியுது.”

“படி பார்ப்போம். கடைசிப் பக்கம்.”

அவன் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தான்.

“துடியன் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது. கொம்பனின் தம்பிகள் தரையில் கிடந்தார்கள். ‘இப்போதுதான் வழி தெரிந்ததா?’ என்று கத்திய கொம்பன், படை முழுவதும் பார்க்க வாளை வீசினான். துடியனின் இடது காது அறுந்து விழுந்தது. கொம்பன் பாலத்தில் இறங்கி நடந்தான்.”

அதற்குமேல் அவனிடம் தாள் இல்லை.

அட, கொம்பனா! நல்ல மனசுள்ள வாட்ச்மேனா வாளை வீசினான்? ஒருமுறை தாமதமாக வந்ததற்காகவா அந்தத் துடியன் பின்பாதி முழுக்க அப்படி ஓடிக்கொண்டே இருந்தான்? இந்தக் கடைக்குள் இருக்கும் ரெண்டு பேரில் வாளை வீசியது யார் என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“இந்தப் பக்கத்தைத்தான் வண்டியில வச்சு வருஷக்கணக்காப் படிக்கிறேன், குள்ளி” என்றான் அண்ணன். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம்! “இப்ப எழுத்தும் தெரிய மாட்டேங்குது. அந்தக் கொம்பன் அப்படியே போயிட்டானா? அப்புறம் ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்லையா?”

அவள் டிராயரை இழுத்தாள். லென்ஸ் துடைக்கும் துணிகளுக்கு அடியிலிருந்து பின்பாதியை எடுத்தாள்.

“சொன்னா சாமி கண்ணைக் குத்தும். உன் கண்ணு இருக்குற லட்சணத்துக்கு அது வேறயா? நீயே படி.” அவன் மடியில் வைத்தாள்.

அவன் முதல் தாளைத் தடவிவிட்டுப் படித்தான். “அக்கரைக்குப் போனதும் கொம்பன் திரும்பிப் பார்த்தான். துடியன் இன்னும் அங்கேயே நின்றிருந்தான். அவனிடமே திரும்பிப் போய்விடலாமா என்று கொம்பன் நினைத்தான். கால் வரவில்லை.”

அவன் கேட்டதற்குப் பதில் இன்னும் பல பக்கம் தள்ளி இருந்தது. அவள் எட்டி, கணவாய் வாசல் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படித்தான். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “அப்புறம் வாங்க” என்று கதவைச் சாத்தினாள். சுத்தமாக இருந்த ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கு நீ தெரு முனை திரும்புற வரைக்கும் நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன்ணா” என்றாள். “கால்தான் வரல.”

அவன் ஃபிரேமைக் கழற்றினான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

“இவ்வளவு வருஷமா இதை டிராயருக்குள்ள வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கியே, பாவி!”

“நீ கேட்டியா?”

“இப்பக் கேக்குறேன்ல” என்று முன்பாதியை அவள் கையில் திணித்தான். “போ, டீ சொல்லு.”