சுத்தபத்தமான ஆக்கள்

லண்டன் எல்லையில் லொறிகள் தரிக்கும் நிலையமொன்றில் வேலை செய்யும் தவநாயகத்துக்கு, வண்டியையே வீடாக்கித் திரியும் மோட்டர்ஹோம்காரரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு வந்த புவனேந்திரன் வண்டியின் மலசலப் பெட்டியை உரிய குழியில்தான் ஊற்றினான். பிறகு குடிதண்ணீர்க் குழாயை இழுத்து, நுனியைப் பெட்டிக்குள் விட்டு மூன்று தரம் கழுவினான். தவநாயகம் அதைத் தன் அறைக் கண்ணாடிக்குள்ளால் கண்டார். அப்போது பார்த்துக்கொண்டிருந்த லொறியை அனுப்பிவிட்டு வந்துசேரப் பத்து நிமிடமாகிவிட்டது.

"கண் தெரியேல்லையோ? குடிதண்ணி எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!"

"நாங்கள் சுத்தபத்தமான ஆக்கள், அண்ணை. வெள்ளைக்காரர் மாதிரிச் சும்மா ஊத்திப்போட்டுப் போக ஏலாது."

"வாயை மூடிக்கொண்டு வண்டியை எடு. இனி இந்தப் பக்கம் தலை காட்டாதை!"

சத்தம் கேட்டு, புவனேந்திரனின் மனைவி துஷ்யந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.

"கோவிக்காதேங்கோ அண்ணை, இதைக் குடியுங்கோ."

தவநாயகம் கோப்பையைத் தொடவில்லை.

"தண்ணி எங்கை பிடிச்சனீங்கள்?"

"உந்தக் குழாயிலைதான். இவர் பெட்டியைக் கழுவின கையோடை எங்கட தண்ணி டாங்கையும் நிரப்பினவர்."

புவனேந்திரனின் முகம் வெளிறியது.

"அப்ப அதை உங்கட சுத்தபத்தமான மனிசனுக்குக் குடுங்கோ," என்றார் தவநாயகம். "குடிச்சு முடிக்குமட்டும் நான் நிண்டு பாக்கிறன்."