ஈரம் எங்கே போகிறது

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிற்கு ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேருக்குப் போன வீட்டில் எடுத்ததும் திருப்புளியைத் தொடமாட்டார். ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே என்ன கோளாறு என்று கம்ப்ரஸரே சொல்லிவிடும் என்பார். மூன்று வயதுப் பேத்தியின் முதுகிலும் தினம் காலையில் அப்படித்தான் காதை வைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அங்கே மெல்லிய விசில் சத்தம் கேட்டது. ஆள் சிறியவள், வாய் காரம்; அதனால் வீட்டில் அவள் பெயர் கடுகு. அந்தக் கடுகு இப்போது ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்க நின்றுவிடுகிறாள்.

மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், வீட்டில் ஈரச்சுவர் ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு. கடுகு தூங்கும் அறையில், மேல்தளமும் வெளிச்சுவரும் சேரும் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்தால் போகும். அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும்.

மேல்வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று மெக்கானிக் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேலே தனியாக இருந்தவர் ஒரு தையற்காரம்மா. அவர் பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினார். பிளம்பர் கசிவே இல்லை என்றார். காசு வாங்கினவன் வேறு என்ன சொல்லுவான் என்றார் மெக்கானிக். பேச்சு தடித்தது. உங்கள் வீட்டுச் சுவர் அழுகினால் அதற்கு என் தலைதானா கிடைத்தது என்று தையற்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அன்றோடு கடுகு மாடிக்குப் போவது நின்றது. தகர டப்பா நிறைய இருந்த பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. அதுவும் போயிற்று.

மருமகள் மருத்துவமனையில் நர்ஸ். மகன் கப்பலில் வேலை பார்ப்பதால், வீட்டில் எதையும் முடிவு செய்ய மாமனாரும் மருமகளும்தான். அவளுடைய சீருடையைத் தினம் துவைத்தாக வேண்டும். வெளியே ஓயாத மழை. துணி காயப்போடும் ஸ்டாண்டைக் கடுகின் அறையில் விரித்திருந்தார்கள். வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதான். குழந்தைக்குக் குளிர்காற்று ஆகாது என்று ஜன்னலையும் மூடியே வைத்திருந்தார்கள். அப்படியும் சீருடையில் ஒரு முடைநாற்றம் தங்கியது. ஒரு நோயாளி முகத்தைச் சுளித்த அன்று, துணி காயவைக்கும் ட்ரையர் ஒன்று வாங்கிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

கடையில் விற்பனைப் பெண் இரண்டு மெஷின்களைக் காட்டினாள். ஒன்று, காற்றைச் சூடாக்கித் துணியின் மேல் ஊதி, ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது. விலை குறைவு. இன்னொன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ஆனால் அதன் நெற்றியில் ஒட்டிய சீட்டில் நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. மின்சாரம் பாதிகூட ஆகாதாம். ஓடிக்கொண்டிருந்த அந்த மெஷினின் கதவைத் திறக்கச் சொல்லி மெக்கானிக் உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"இந்தச் சூட்டுல பூனை தூங்கும். துணி காயாது."

பிறகு அதன் பின்பக்கம் போய்க் குழாயைத் தேடினார். குழாய் இல்லை.

"ஈரக்காத்து எந்த வழியா வெளிய போகுது?"

"போகாது சார். உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும்."

"அப்ப ஈரம் எங்கம்மா போகும்? மாயமாவா போகும்?"

அவள் மேலே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியை இழுத்துக் காட்டினாள். அவர் சிரித்தார். நன்றாகச் சுழற்றிப் பிழிந்த துணியில் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் பெரிது என்றார். விற்பனைப் பெண் வாதாடவில்லை. குனிந்து, மெஷினின் அடிப்பக்கத்து மூடியைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே தெரிந்ததை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முடி போல மெல்லிய உலோகத் தகடுகள், செம்புக் குழாய்கள், ஓரத்தில் கறுப்புக் கம்ப்ரஸர். குளிர்ந்த குழாயில் ஈரக்காற்று பட்டு வியர்த்துத் தண்ணீராகச் சொட்டும். அந்தக் காற்றிலிருந்து பறித்த சூட்டை வைத்தே, அடுத்த குழாய் அதே காற்றை மறுபடி சூடாக்கி அனுப்பும். வாழ்நாள் முழுக்க ஃப்ரிட்ஜின் முதுகு வழியே வீணாகச் சமையலறைச் சுவரில் போய் மோதுவதை அவர் பார்த்திருந்த சூடு அது. இங்கே அதில் துளியைக்கூட வீணாக்க யாருக்கும் மனம் ஒப்பவில்லை.

"என் ஃப்ரிட்ஜைத் திருடி இதுக்குள்ள வெச்சிருக்கான்" என்றார் மெதுவாக.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று மருமகள் கை நீட்டினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இதையே வாங்கிடலாம் மாமா. ரிப்பேர்னா வீட்டுலயே ஆள் இருக்கு" என்றாள் அவள்.

மெஷின் வந்த அன்று, சீருடைகள், துண்டுகள், ஒரு படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் உள்ளே போட்டார்கள். வழக்கமாக ஸ்டாண்டில் விரிக்கும் அதே அளவுதான். பிழிந்து எடுத்த துணிகளிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை. மெக்கானிக் ஸ்டூலைப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். காதை வைத்தார். கம்ப்ரஸர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. இது காயவைக்கும் மெஷினா தாலாட்டும் மெஷினா என்று கேலி செய்தார். ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை.

மணி அடித்து மெஷின் நின்றது. துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மருமகள் சீருடையை முகத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஒரு கையால் தொட்டியை இழுத்தார். கனம் தாங்காமல் மணிக்கட்டு சரிந்தது. இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

தொட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத துணியிலிருந்து ஒரு சின்னக் குடம் அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடுகு ஒரு விரலை முக்கி எடுத்து, விரலையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மருமகள்தான் கேட்டாள். "மாமா, அப்ப இத்தனை நாளா இது எங்க போச்சு?"

ஃப்ரீஸரில் பனி மலையாக உறைகிறது என்று புகார் செய்த எத்தனையோ வீடுகளில், தண்ணீர் எங்கிருந்தும் கசியவில்லை, உங்கள் வீட்டுக் காற்றில் இருப்பதுதான் குளிர்ந்த இடம் பார்த்து உட்காருகிறது என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். தன் முதுகு தனக்குத் தெரியாது. தலையைத் திருப்பி, குழந்தையின் அறைக்குள் அந்த மூலையைப் பார்த்தார். வெளியே மழையில் நனையும் சுவர்; வீட்டிலேயே குளிர்ந்த இடம். தினம் ஒரு தொட்டி. மூடிய ஜன்னல். நடுவே ஒரு குழந்தை.

தொட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கடுகு பின்னாலேயே ஓடினாள், யாரும் தடுக்கவில்லை.

கதவைத் திறந்த தையற்காரம்மா அவரையும் தண்ணீரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இது என் குழாய்த் தண்ணியா? பிடிச்சுக் கொண்டுவந்திட்டீங்களா?"

"இல்லம்மா. எங்க வீட்டுத் தண்ணி. எங்க துணியில இருந்தது. உங்க மேல பழி போட்டேன். தப்பு என்னோடது."

தையற்காரம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகர்ந்து வழி விட்டார். உள்ளே, தையல் மெஷினுக்கு மேலே ஒரு கொடியில் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், அதே மூலையில், அதே கறுப்பு.

"எனக்கும் வந்திருக்கு" என்றார். "நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போட? எனக்கு மேல வானம்தான் இருக்கு."

மெக்கானிக் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் தையற்காரம்மாவும். கடுகு ஏற்கெனவே பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்திருந்தாள்.

மறுநாளிலிருந்து மாடித் துணியும் கீழே வந்தது. மூலையைச் சுரண்டி, மருந்து பூசி, வெள்ளையடித்தார்கள். மழை விட்ட நேரங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். மூச்சு ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. டாக்டர் மருந்தையும் நிறுத்தவில்லை. மெக்கானிக் தினம் காலையில் காதை வைத்தார். விசில் இருந்தது. பிறகு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் காலை, காதை வைத்தவர் எடுக்கவில்லை. வெளியே மழை கொட்டியது. அறையில் இடைஞ்சலாக நிற்க ஸ்டாண்டு இல்லை. சின்ன முதுகு ஏறி இறங்கியது. உள்ளே காற்று வந்து போகும் ஓசையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஓடும் ஒன்றை அவர் கேட்டதில்லை.

"தாத்தா, காதை எடு. மாடிக்குப் போய் பொத்தான் எல்லாம் எண்ணி, சிவப்பை மட்டும் தனியா வெச்சு, அம்மா வர்றதுக்குள்ள வந்துடணும்" என்றாள் கடுகு, நடுவில் எங்கும் நிற்காமல்.