வால் முளைத்த குளம்

இருநூற்றுப் பன்னிரண்டு குளங்கள் நல்ல பிள்ளைகளாகக் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஒன்றே ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. சேரன்மகாதேவிப் பக்கத்து நெடுங்கரைக்குளம்.

குளங்களின் எல்லைக்கோடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது கலையரசிக்குப் பன்னிரண்டு வருட வேலை. திருநெல்வேலியில் ஒரு சின்ன நிறுவனம். தூர்வார வேண்டிய குளங்களின் பட்டியல் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போயாக வேண்டும். ஏறாத குளத்தில் இந்த வருடம் மண்வெட்டி விழாது.

மேலாளர் கணேஷ்ராம் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "அந்த ஒத்தக் குளத்த விட்டுருங்கம்மா. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"விடமாட்டேன் சார்."

எப்படி விடுவாள்? பழைய பென்டிரைவில் தூங்கிக் கிடந்த அந்தக் கோப்பின் தலைப்பைப் பார்த்ததும் அவளுக்குக் காது மடல் சூடேறிவிட்டது. அளந்தவர்: சுடலைமணி. தேதி: 2016 ஜூன் 9.

சுடலைமணி அவள் புருஷன். ஜூன் ஒன்பது அவர்கள் மகள் பிறந்த நாள்.

அந்தக் காலத்தில் அவன் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தங்கரைகளை நடந்து அளப்பான். அவன் கொண்டுவரும் கோடுகளில் பிழை பிடிப்பது அவள் வேலை. பிழைக்குப் பிழை சண்டை; சண்டைக்குச் சண்டை டீ. ஆற்றங்கரை ஊர் ஒன்று விடாமல் சுற்றிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு அலுவலகத்துக்குள் வந்து நிற்பான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்தச் சேற்று வாடைக்கு இப்போதும் அவள் மனசு ஏங்கும். இப்போது அவன் கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறான். குளமும் இல்லை, பிழையும் இல்லை.

ஆனால் அந்த ஜூன் ஒன்பதை மட்டும் அவள் மன்னிக்கவே இல்லை. பிரசவம் சிக்கலாகி அவளை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் ஆளைக் காணோம். எல்லாம் முடிந்தபிறகு வந்து நின்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "குளத்த முடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றான். நான் செத்துப் பிழைக்கிறேன், இவருக்குக் குளம் முக்கியம்! ஒன்பது வருடமாக எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் இந்தக் குளத்தில்தான் வந்து முடியும். சொல்லிக் காட்டாத நாளில்லை. அவனும் ஒரு நாள்கூட மறுத்துப் பேசியதில்லை.

சரி, அந்தக் குளம் என்னதான் சொல்கிறது என்று பார்ப்போம்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்குமோ என்று முதலில் பார்த்தாள். போன மாதம் ஒரு குளம் அப்படி மாறி வடதுருவத்துப் பனிக்கடலில் போய் விழுந்து கிடந்தது. இதில் அந்தக் கோளாறு இல்லை. அளவு முறையும் சரி. திரையில் வந்த குற்றச்சாட்டு ஒன்றுதான்: எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டுகிறது. தானாகச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தாள். அது குளத்தைக் கொத்துபரோட்டா போட்டு நாற்பது துண்டாக்கித் தந்தது. போதுண்டா சாமி என்று அதை அழித்துவிட்டு, புள்ளிகளை நேர வரிசையில் அடுக்கி வரைபடத்தின் மேல் போட்டாள்.

குளத்துக்கு வால் முளைத்திருந்தது! கரையிலிருந்து கிளம்பிச் சாலையைப் பிடித்து, இருபது கிலோமீட்டர் கிழக்கே ஓடியது வால். கருவியை அணைக்காமலே வண்டி ஏறியிருக்கிறான் மனுஷன். நுனி எங்கே என்று பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் வாசல். காலை 11.04.

கலையரசி வாலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனாள்.

வால் தொடங்கும் இடத்தில் நூல்கண்டு சிக்கியது மாதிரி ஒரு சுருணை. அங்கேதான் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்தது. 9.48 முதல் 10.31 வரை ஒரே இடத்தில் வட்டம் வட்டமாக. எண்ணினாள். இருபத்தொன்று. செயற்கைக்கோள் படத்தில் அந்த வட்டங்களுக்கு நடுவே ஒரு வேப்பமரமும் சின்னதாய் ஒரு பீடமும் தெரிந்தன. கரையில் குடியிருக்கும் இசக்கியம்மன்.

சுடலைச் சாமியின் பேரையே வைத்துக்கொண்டு, "சாமியாவது பூதமாவது" என்று ஊரெல்லாம் பேசித் திரிகிறவன். அவன் போய் இசக்கியைச் சுற்றியிருக்கிறான்! அதுவும் குளத்தை முடிக்காமல். தொடங்கிய மடைக்கும் நின்ற மரத்துக்கும் நடுவே இருநூறு அடி மிச்சம் இருந்தது.

உடனே போன் போட்டாள்.

"என்னட்டி, இந்நேரத்துல?"

"நெடுங்கரைக்குளத்த முடிச்சிட்டுத்தான் வந்தியளோ?"

"இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டியா? ஆமாட்டி, முடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீய. இருநூறு அடி பாக்கி கெடக்கு. இருபத்தோரு சுத்தும் கெடக்கு."

அவன் தொண்டையைச் செருமினான்.

"கூட அளக்க வந்த செந்தில்முருகன் பேட்டரி வாங்க வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். ஒங்க அம்மை போன்ல அழுதாவ. நடந்து வரக்கூடிய தூரமா? ஒண்ணும் ஓடல எனக்கு. அங்கன அவ ஒருத்திதான் இருந்தா. அவகிட்டச் சொன்னேன்."

"என்னன்னு?"

"ரெண்டு பேரையும் குடுத்துருன்னு."

கலையரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? ஒம்பது வருசம் உங்களப் போட்டு..."

"வாய் கிழிய நாத்திகம் பேசுதவன், ஒங்க மாமன்மாரு முன்னால எப்படிட்டி சொல்ல? பொறவு சொன்னா நீ சிரிப்பே." பிறகு பைய கேட்டான். "பிள்ளைக்கு இசக்கிபிரியான்னு பேரு வைக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னனே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பேர் என்று விட்டுவிட்டாள்.

சுருணையை நீக்கினாள். வாலை வெட்டினாள். மிச்ச இடைவெளியைக் கரையோடு ஒட்டி ஒரு நேர்கோட்டால் மூடி, "தோராயம், மறு அளவை தேவை" என்று குறிப்பும் எழுதினாள். நாலே முக்காலுக்கு நெடுங்கரைக்குளம் மறுபேச்சில்லாமல் ஏறிவிட்டது. அவன் நடந்த பழைய கோட்டை மட்டும் வாலும் சுருணையுமாக அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு மறுபடியும் அவனைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பழைய செருப்ப எடுத்து வையுங்க. அந்த இருநூறு அடிய நடந்து முடிச்சிருவோம்."

"யாரு, நானும் நீயுமா?"

"நம்ம மூணு பேரும்."