அக்காவுக்குப் புரிந்த பக்கம்

நகராட்சிக் கணக்குப் பிரிவில் எழுதுகிற தமிழ் யாருக்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. வரவு செலவை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி வாசலில் ஒட்டச் சொல்லி உத்தரவு வந்ததும் அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் அக்காவிடம் வாசிப்பேன். அவள் "அப்படின்னா?" என்று கேட்கிற சொல்லை அடித்துவிட்டு வேறு போடுவேன். 'செலுத்தப்படாத நிலுவை' என்றதற்கு, "கடன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமாடா?" என்றாள்.

அத்தான் போனபின் அவள் சிரித்ததே இந்த வேலையில்தான். ஒரு மழைநாளில் எங்கள் தெருச் சாக்கடையில், மூடி இல்லாத இடத்தில் காலை வைத்துவிட்டார். வெள்ளம் இழுத்துக்கொண்டது. "பஞ்சத்துல அடிபட்ட ஊருடா. காசிருந்தா மூடியிருக்க மாட்டாங்களா?" என்று சொல்லிச் சொல்லியே அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று அவள் தையல் மெஷினில் இருந்தாள். நான் பழைய வருடங்களின் பக்கத்தில் இருந்தேன்.

"மழைநீர் வடிகால் மேம்பாடு, தொகுப்பு ஏழு, ஒதுக்கீடு காலாவதி."

"அப்படின்னா?"

"சாக்கடைக்கு சிமெண்ட் மூடி போடுறது."

"காலாவதி? மருந்தா அது?"

"ஒதுக்கின காசை வருஷம் முடியறதுக்குள்ள செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும்."

"தொகுப்பு ஏழு?"

எனக்கும் தெரியவில்லை. பெரிய கெட்டிக்காரனைப் போலப் பின்பக்கத்தைப் புரட்டித் தெருப்பெயர்களை வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது எங்கள் தெரு. வாய் முந்திக்கொண்டது.

மெஷின் நின்றது.

"எந்த வருஷம்?"

சொன்னேன். அத்தான் இறந்த அதே வருடம். அவளிடம் எனக்குப் பொய் வராது.

"அப்போ காசு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"ஏன் போடல?"

"ஃபைல்ல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு கீழே குறிப்பு இருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத்தான் கை போனது.

"கிழிக்காதே. பெரிய எழுத்துல எழுதி ஒட்டு, எல்லாரும் படிக்கட்டும்" என்றாள்.

சமையலறை வரை போனவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"எனக்கு மட்டும் வாசிக்காம இருந்திருக்கலாம்டா. இனிமே நான் எதைச் சொல்லித் தூங்குறது?"