செய்யூரில் ஒரு கென்யா

செய்யூர் தாண்டி, கடலுக்குப் போகிற மண் ரோட்டில், சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு ஆப்பிரிக்கா முளைத்து எட்டு மாதம் ஆகிறது. பதினாலு கூடாரம். உள்ளே கட்டில், கொசுவலை, ஏசி. வாசலில் சிமெண்டு வரிக்குதிரை. ஜீப்புக்கும் வரி போட்டிருந்தார்கள். காலையில் அது வேடந்தாங்கலுக்குப் போய் நாரையைக் காட்டிவிட்டு வரும். அதற்குப் பேர் சஃபாரி. சாயந்திரமானால் ஸ்பீக்கரில் சிங்கம் கத்தும். தெருநாய்கள் பதில் சொல்லும்.

கூடாரக் கயிறு கட்டுவதும், காற்றடித்தால் இழுத்து இறுக்குவதும் ஆபிரகாமின் வேலை. அவர் பெண்சாதி செங்கம்மாள் பெருக்குகிறவள்.

அன்றைக்கு மேனேஜர் நிதின் ஆம்பிளைகள் நாலு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு ஈட்டியும் சிவப்புக் கட்டம் போட்ட துணியும் கொடுத்தான். சென்னையிலிருந்து பெரிய கூட்டம் தங்க வருகிறது, வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்றான். ஆபிரகாம் சந்தோஷமாகத் தலையாட்டினார். பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில் பதினோரு வருசம் ரோமாபுரிச் சேவகனாக ஈட்டி பிடித்தவர். இதுவும் ஒரு வேஷம் என்றுதான் நினைத்தார். சட்டைக்கு மேலே துணியைக் குறுக்காகப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி வந்து நின்றார்.

"என்ன ஆபிரகாம், சட்டையோட நிக்கிற? கழட்டு."

"இருக்கட்டும் சார். அதான் மேல துணி கீதே."

"கென்யாவுல ஈட்டி பிடிக்கிற மசாய் ஆளுங்க சட்டை போடுவாங்களா? கழட்டு. உங்களுக்குக் கலரும் பொருத்தமா இருக்கு, பெயிண்ட் செலவு மிச்சம்."

நிதின்தான் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஆபிரகாமுக்குக் காது சுட்டது. இந்தத் தோப்பு ஆண்டை கையில் இருந்த காலத்தில், அவருடைய அப்பா கூலிக்குப் போய் நிற்கும்போது சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஒரு தடவை கழற்றாமல் போய் நின்றார். அந்த வருசம் பூரா அவர்கள் வூட்டுக்கு வேலை கிடையாது, பிள்ளைகளுக்கு அரைவயிறு. அதற்கப்புறம் அந்த வூட்டில் யாரும் யாருக்காகவும் சட்டையைக் கழற்றியதில்லை.

பக்கத்தில் திருநாவுக்கரசு ஏற்கெனவே வெற்றுடம்பாக நின்றான். "வுடு மச்சான். ரெண்டு மணி நேரம். காத்து வாங்கின மாதிரி இருக்கும்."

"உனுக்குக் காத்து வேணும்னா வாங்கிக்கோ. எனுக்கு வேணாம்."

"ஆப்பிரிக்கான்னா ஆப்பிரிக்கா மாதிரி இருக்கணும்யா," என்றான் நிதின்.

"நீ ஆப்பிரிக்கா பாத்துகிறியா சார்?"

"நெட்ல பாத்திருக்கேன்."

"போன வருசம் எங்க கோயிலுக்குக் கென்யாவுலேர்ந்து ஒரு பாஸ்டர் வந்தாரு. சித்திரை வெயிலு. கோட்டு, டை, ஷூ. மூணு மணி நேரம் பிரசங்கம், மேல் பட்டனைக்கூட அவுக்கல. அவரு வந்து இங்க நின்னா அவரையும் கழட்டச் சொல்லுவியா?"

செங்கம்மாள் துடைப்பத்தோடு வந்துவிட்டாள். "சொல்லுவான், ஏன் சொல்லமாட்டான்? ஏன் தம்பி, நீதான் தளதளன்னு கீறியே, நீ கழட்டிக்கினு நில்லேன். கரி வேணா நான் பூசி வுடறேன்."

திருநாவுக்கரசு வாயைப் பொத்திக்கொண்டான். நிதினுக்கு முகம் சிவந்துபோயிற்று. "கழட்டலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத. வேன் வந்துடுச்சு, அப்பால போ."

வேனிலிருந்து போனும் கையுமாக இறங்கினார்கள். மூன்று பேர் வெற்றுடம்போடு ஈட்டியைத் தூக்கினார்கள். ஆபிரகாம் ஈட்டியைக் கீழே போட்டார். துணியை உருவிப் போட்டார். சட்டையின் கழுத்துப் பட்டனையும் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.

"நகருய்யா," என்று நிதின் பல்லைக் கடித்தான்.

"நாளைக்கு வரல. இன்னிக்கு என் வேலை இங்கதான். நகர மாட்டேன்."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா போனை இறக்கினாள். "இவர் மட்டும் ஏன் சட்டையோட இருக்கார்?"

"வாட்ச்மேன் மேடம். அவரை விட்டுட்டு எடுங்க."

"வாட்ச்மேன் இல்லம்மா. பேரு ஆபிரகாம். இதே ஊரு. நீங்க படுக்கப்போற கூடாரத்துக்கு நான்தான் கயிறு கட்னேன். சட்டையக் கழட்டிட்டு உங்க முன்னாடி நிக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

அந்த அம்மா மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனைப் பைக்குள் போட்டாள்.

திருநாவுக்கரசு ஈட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, தன் சட்டையை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தான்.