குளிர்பெட்டிச் சங்கிலி

அக்காவின் கடையில் ராத்திரி எட்டு மணிக்கு பீர் குளிர்பெட்டியின் கைப்பிடியில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுவது என் வேலை. பால் பெட்டி திறந்தே இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போகும் பாட்டிலை எட்டுக்கு மேல் விற்கக் கூடாது என்று நகரசபை சட்டம் போட்டிருந்தது. தெருவில் சத்தம் குறையுமாம். எதிரே இருக்கும் பாருக்கு அந்தச் சட்டம் கிடையாது. அங்கே நள்ளிரவுவரை உட்கார்ந்து குடிக்கலாம், வெளியே வந்து கத்தலாம், எங்கள் கடைச் சுவரில் ஒன்றுக்கும் போகலாம். பார் நகரசபைத் தலைவரின் மச்சினனுடையது. இதைச் சொன்னால் “ஆதாரம் இருக்கா?” என்று கேட்பார்கள். கல்யாண போட்டோ பார் சுவரிலேயே தொங்குகிறது.

பின் தெருவில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம். மதிய ஷிப்டுக்காரர்கள் வெளியே வரும்போது எட்டு தாண்டிவிடும். அத்தனை நேரமும் நீராவியில் வெந்தவர்கள். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி, ஒரு பீர் குடித்துவிட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

எப்போதும் பாடிக்கொண்டே இஸ்திரி மெஷினில் நிற்கும் பாட்டுக்காரிதான் முதலில் வழி கண்டுபிடித்தாள். மதியம் வேலைக்குப் போகிறபோதே பாட்டிலை வாங்கினாள். சலவைக்கூட வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்பதால், “அக்கா, இது உங்க பெட்டியிலயே இருக்கட்டும். போறப்ப எடுத்துக்கறேன்” என்றாள். சீக்கிரமே அந்த ஷிப்டே அப்படிச் செய்ய ஆரம்பித்தது. அழுக்கு மூட்டையில் கட்டும் துணிச்சீட்டில் பட்டப்பெயரை எழுதி, பாட்டில் கழுத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். வெளியே வந்ததும் அவரவர் பாட்டிலை அக்கா எடுத்துக் கொடுப்பாள்.

அக்கா சட்டத்துக்குப் பயந்தவள். உரிமம் போனால் கடை போச்சு என்று அவளுக்குத் தெரியும். சோப்பும் பிஸ்கட்டும் விற்றுக் கடை வாடகையைக் கட்ட முடியாது. அதனால் உரிமப் பிரிவு அதிகாரியிடம் முன்பே கேட்டுவைத்தாள். அவர் எங்கள் கடை வறுகடலையை மென்றுகொண்டே, “எட்டுக்கு முன்னாடி வித்ததுதானேம்மா, தாராளமா குடுங்க” என்றார்.

அதே ஆள் போன வாரம் காரில் உட்கார்ந்து காத்திருந்தார். துணி மூட்டை தூக்கும் ஒட்டகம் தன் பாட்டிலோடு படி இறங்கினான். ஆறடிக்கு மேல் உயரம், அதனால்தான் அந்தப் பெயர். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

“சார், இது நான் மத்தியானமே வாங்கினது. சீட்டைப் பாருங்க, என் பேரு.”

“உன் பாட்டில் எதுக்கு அவங்க பெட்டியில இருக்கு?”

“என் சட்டை டெய்லர்கிட்ட இருக்கு சார். அதுக்காக அவரு போட்டுக்க முடியுமா?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. பாட்டில் கடையை விட்டு வெளியேறும் நேரம்தான் விற்பனை நேரம் என்று ஒரு புது விளக்கம் சொன்னார்.

“நீங்கதானே சார் தாராளமா குடுங்கன்னீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“நான் எப்பம்மா சொன்னேன்?”

கடலைக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவருக்கு இல்லை.

அவர் எழுதிய புகாரின் மேல் நகரசபையில் நடந்த விசாரணைக்கு நானும் போயிருந்தேன். நடுவில் தலைவர், பக்கத்தில் தலையாட்டிகள். தெருவில் கத்துகிறவர்கள் பாரிலிருந்து வருகிறார்கள் என்றாள் அக்கா. தலைவர் பொறுமையாகச் சிரித்தார். “பார்ல கண்காணிப்பு இருக்கும்மா. வீட்டுக்குள்ள குடிக்கிறவனை யார் கண்காணிக்கிறது?”

“அவன் பொண்டாட்டி” என்றேன் நான்.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அக்கா வரும்போது கையில் உத்தரவு இருந்தது. அன்றிலிருந்தே உரிமம் ரத்து.

“அந்த வாயை வச்சுத்தான்டா காலேஜும் போச்சு, மில்லு நைட் ஷிப்டும் போச்சு” என்றாள்.

ராத்திரி எட்டுக்குச் சங்கிலியைப் பூட்டி முடித்தபோது அதிகாரி வந்தார். ஸ்டூலில் ஏறி, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கும்போது வாசலில் சலவைக்கூடத்து ஆட்கள் வந்து நின்றார்கள். நாங்கள் விசாரணைக்குப் போன நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்ட எடுபிடிப் பையனிடம் மதியமே வாங்கி வைத்துவிட்டுப் போனவர்கள். உத்தரவு வந்தது அவர்களுக்குத் தெரியாது.

பாட்டுக்காரிதான் முதலில் பேசினாள். “என்னக்கா, சாரு ஸ்டூல் ஏறறாரு, அவருக்கும் மேல ஒண்ணு எடுத்து வச்சிருக்கியா?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “சங்கிலியைக் கழட்டு.”

“அக்கா...”

“கழட்டுடா.”

“எட்டு தாண்டிடுச்சும்மா” என்றார் அதிகாரி.

“யாருக்கு எட்டு? உங்க சட்டத்துல என்ன போட்டிருக்கு? உரிமம் வச்சிருக்கிற கடை எட்டுக்கு மேல விக்கக் கூடாது. என் உரிமம் உங்க கக்கத்துல இருக்கு. நான் எதையும் விக்கலை. இவங்க சாமானை இவங்ககிட்டத் திருப்பிக் குடுக்கறேன். எழுதுங்க, யார் பேர்ல எழுதுவீங்க?”

அவர் பேனாவை எடுத்தார். கடைசியில் அதைச் சட்டைப்பையிலேயே சொருகிக்கொண்டார்.

அக்கா சீட்டைப் படித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பாட்டுக்காரி, சோடாபுட்டி, சின்ன மாமா, ஒட்டகம். அந்த மனுஷன் முடிகிறவரை உரிமத்தை இடுக்கிக்கொண்டே நின்றார். பிறகு தெருவைக் கடந்து நேராக பாருக்குள் போனார். மச்சினனே வந்து கதவைத் திறந்துவிட்டான்.

மறுநாள் அந்தப் பெட்டியில் அக்கா பால் அடுக்கினாள். சாயங்காலம் யாரும் பால் வாங்க வரவில்லை. ஷிப்டு முடிந்து ஒட்டகம் எங்கள் கடைப் படியில் கொஞ்ச நேரம் நின்றான். பையில் கையை விட்டு எதையோ தேடுவதுபோல நடித்தான்.

“போடா, போய்க் குடி” என்றாள் அக்கா.

தலையைக் குனிந்துகொண்டு எதிரே நடந்தான். பார் கதவு அவன் உயரத்துக்குப் போதவில்லை. நள்ளிரவில் எங்கள் ஷட்டரை யாரோ எட்டி உதைத்து அழுதுகொண்டே கத்தியது மாடியில் படுத்திருந்த எங்களுக்குக் கேட்டது. குரல் அவனுடையதுதான்.

“கண்காணிப்பு” என்றாள் அக்கா இருட்டில்.